தரமுயர்த்தலும் தமிழ் இழப்பும்: லினக்ஸ் மேசைக்கணினியின் அடிக்கூறு மாற்றங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் மேசைக்கணினி ஒன்றைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது தமிழ் உள்ளீடு, பழைய குறியாக்கக் கோப்புகள், பிழைச்செய்திகள் ஆகியவை எத்தகைய சிக்கல்களுக்கு ஆளாகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்க் கணிமை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நிறுவலோடு நின்றுவிடுகின்றன என்பதும், ‘தரமுயர்த்தல்’ என்னும் சொல் அச்செயலில் நிகழும் நீக்கத்தை மறைக்கிறது என்பதும் இதன் வாதங்கள். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவற்றை உள்ளடக்கியிருந்த திருவள்ளூர் மாவட்டத்தில் 2011இல் தொடங்கப்பெற்ற மடிக்கணினித் திட்டம் இவ்வாய்வின் களப்பின்னணியாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: தமிழ்க் கணிமை, லினக்ஸ், தரமுயர்த்தல், தமிழ்99, திஸ்கி, ஒருங்குறி, வேலாண்ட், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

ஆவடி நகராட்சி 2019ஆம் ஆண்டு மாநகராட்சியாகத் தரமுயர்த்தப்பட்டது. அதன் கிழக்கே உள்ள அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு, 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்திற்கு மாறியது. ‘தரமுயர்த்தல்’ என்னும் சொல் தமிழ் மக்களின் காதில் முதலில் விழுந்தது இத்தகைய நிர்வாக அறிவிப்புகளின் வழியாகத்தான். உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகத் தரமுயர்த்தப்படும்போது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் கூடுகின்றன. ஆறாம் வகுப்பு அகற்றப்படுவதில்லை. நகராட்சி மாநகராட்சியானால் பெயர்ப்பலகை மாறும், வரி மாறும். தெரு இருந்த இடத்திலேயே இருக்கும். இருப்பது குறையாமல் புதியது கூடுவதே நிர்வாகத் தமிழில் இச்சொல்லின் பொருள்.

கணினித் தமிழ் இச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் தரமுயர்த்தலில் கூடுதலைப் போலவே நீக்கமும் அச்செயலின் இயல்பான பகுதியாகும். ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு வரும்போது பழைய பதிப்பைச் சார்ந்திருந்த பொதிகள் வெளியேற்றப்படுகின்றன. வெளியேறுபவற்றுள் தமிழ் தட்டச்சுக்குரிய பொதியும் இருக்கக்கூடும். அந்நிலையில் பயனர் இழப்பது ஒரு வசதியை மட்டுமன்று. தம் மொழியில் எழுதும் வழியையே இழக்கிறார்.

சொல் மறைக்கும் செயல்

டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளங்களில் பொதிகளை மேலாளும் ‘ஏபிடி’ கருவிக்கு இரண்டு தனித்தனிக் கட்டளைகள் உண்டு. முதலாவது, நிறுவப்பட்டுள்ள எந்தப் பொதியையும் நீக்காமல், புதுப்பிக்க இயன்றவற்றை மட்டும் புதுப்பிப்பது. இரண்டாவது, தேவைப்பட்டால் சிலவற்றை நீக்கியும் முழு மாற்றத்தை நிறைவேற்றுவது. டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகள் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குச் செல்வோரை இவ்விரண்டையும் இதே வரிசையில், இரு கட்டங்களாகச் செய்யப் பணிக்கின்றன. முதற்கட்டத்தில் பெரும்பான்மை மாறும். இரண்டாம் கட்டத்தில்தான் ‘பின்வருவன நீக்கப்படும்’ என்ற பட்டியல் திரையில் தோன்றும். பயனர் வாசித்தே ஆகவேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

தமிழில் புழங்கும் சொற்கள் இந்த வேறுபாட்டைத் தாங்கவில்லை. ‘புதுப்பித்தல்’, ‘இற்றைப்படுத்தல்’, ‘மேம்படுத்தல்’, ‘தரமுயர்த்தல்’ ஆகிய நான்கும் ஒன்றற்கொன்று மாற்றாகவே வழங்குகின்றன. பொதிப் பட்டியலைச் சேவையகத்திலிருந்து புதிதாகப் பெறுவதற்கும், பொதிகளையே மாற்றுவதற்கும், ஒரு பதிப்பை முற்றாகக் கடப்பதற்கும் ஒரே சொல் பயன்படும்போது அறிவுறுத்தல் எழுதுபவர் ஒன்றைக் கருத, செய்பவர் மற்றொன்றைச் செய்கிறார். ‘இற்றை’ என்னும் வேரிலிருந்து ஆக்கப்பட்ட சொல் இவற்றுள் நேர்மையானது: இன்றைய நிலைக்குக் கொணர்தல் என்பதற்கு மேல் அது எதையும் உறுதியளிக்கவில்லை. ‘மேம்படுத்தல்’ அவ்வாறன்று. செயல் தொடங்கும் முன்பே அதன் பயனைத் தீர்ப்பாகச் சொல்லிவிடுகிறது.

பதிப்புமாற்றம் என்ற நடுநிலைச் சொல்லை முழுக் கட்டளைக்கு வழங்கினால் குழப்பம் ஓரளவு தணியும். இச்செயலுக்குத் திரும்பும் பாதை இல்லை என்பதையும் சொல் உணர்த்தினால் இன்னும் நன்று. புதிய பதிப்பிலிருந்து பழையதற்கு இறங்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி 1,018 பெயர்களை அறிவித்த 2020ஆம் ஆண்டின் அரசாணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அரசாணைக்கு உள்ள அந்த வாய்ப்பு மேசைக்கணினிக்கு இல்லை.

ஏழு தாவல்கள்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கரின் தலைமையில் லினக்ஸுக்கு மாறத் தொடங்கியிருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கருவிகளில் விண்டோஸுடன் பாஸ் இயங்குதளமும் சேர்த்து வழங்கப்பட்டது. 2014 ஏப்ரல் 8இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிவுற்றபோது அரசுத் துறைகள் பாஸ் இயங்குதளத்தைக் கருத்தில் கொள்ளுமாறு மாநில அரசு அறிவுறுத்தியது.

இம்முயற்சிகளின் நோக்கம் குறை கூறத்தக்கதன்று. குறை, அவை நிறுவலை முடிவுப்புள்ளியாகக் கருதியதில் உள்ளது. ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். டெபியன் 6ஆம் பதிப்பு 2011 பிப்ரவரியில் வெளிவந்தது. 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. இடையிலுள்ள பதிப்பு எதையும் தாண்டிச் செல்வதை டெபியன் ஆதரிப்பதில்லை. ஆகவே 2011இல் டெபியன் 6 நிறுவிய கணினி ஒன்று இன்றைய நிலைக்கு வர ஏழு தாவல்களைச் செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு தாவலும் ஏதேனும் ஓர் அடிக்கூற்றை மாற்றியது. 2013இன் 7ஆம் பதிப்பு க்னோம் 2 மேசைச் சூழலை விட்டு க்னோம் 3ஐ ஏற்றது. முப்பரிமாண வரைகலை முடுக்கம் இல்லாத எளிய கணினிகளுக்கென இருந்த மாற்று நிலையையும் க்னோம் திட்டம் அதே 2013இல் கைவிட்டது. 2015இன் 8ஆம் பதிப்பு தொடக்க முறைமையை ‘சிஸ்டம்டி’க்கு மாற்றியது. 2019இல் காட்சிச் சேவையகம், 2021இல் பைத்தான் 2இன் பெரும்பகுதி, 2025இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி எனப் பட்டியல் நீள்கிறது.

இவற்றுள் பைத்தான் மாற்றம் தமிழுக்கு நன்மையே செய்தது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லை ஒருங்குறி வடிவில் கொடுத்து நீளம் கேட்டால் பைத்தான் 2 அதை வெறும் பைட்டுகளாக எண்ணி 15 எனச் சொல்லும். பைத்தான் 3 குறியெண்களை எண்ணி 5 எனச் சொல்லும். எழுத்து மூன்றே என்பது தமிழறிந்தவர் கணக்கு. மூன்றை எட்டாவிட்டாலும் ஐந்து பதினைந்தைவிட அருகிலானது. ஆனால் பதினைந்தை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அந்த மாற்றத்தில் உடைந்தன.

அம்பத்தூரை எழுதுதல்

தமிழ் உள்ளீட்டில் நேர்ந்ததே இவ்வாய்வின் மையம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, விசைகளின் இருப்பிடத்தை மட்டும் வரையறுப்பதன்று. அதற்குச் சூழல் விதிகள் உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. ஆகவே ‘அம்பத்தூர்’ என எழுத அ, ம, ப, த, த, ஊ, ர, புள்ளி என எட்டுத் தட்டல்கள் போதும். மகரத்தின் புள்ளியையும் முதல் தகரத்தின் புள்ளியையும் விதியே இட்டுவிடும். தமிழின் எழுத்துச் சேர்க்கை மரபை விசைப்பலகை வடிவமைப்புக்குள் கொணர்ந்த அரிய பணி இது, போற்றத்தக்கது.

லினக்ஸ் சூழலில் இவ்விசைப்பலகை இரு வேறு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, எம்17என் நூலகத்தின் வரைபடத்தை ஐபஸ் என்னும் உள்ளீட்டுச் சட்டகத்தின் வழியே பயன்படுத்துவது. இது முந்தைய எழுத்தை நினைவில் வைத்து விதிகளைச் செயற்படுத்தும். மற்றொன்று, ‘எக்ஸ்கேபி’ எனப்படும் அடிப்படை விசை வரைபடம். இது ஒரு விசைக்கு ஒரு குறியைத் தரும், முன்னே என்ன எழுதப்பட்டது என்பதை அறியாது. க்னோம் அமைப்புகளில் இவ்விரண்டும் ஒரே பட்டியலில் ஏறத்தாழ ஒரே பெயரோடு அடுத்தடுத்து நிற்கின்றன. பதிப்புமாற்றத்தில் ஐபஸுக்குரிய எம்17என் பொதி விடுபட்டால் முதல் வழி ஓசையின்றி மறைகிறது. பயனர் பட்டியலில் எஞ்சியிருக்கும் தமிழ்99ஐத் தேர்கிறார். முன்பு புள்ளியைத் தானே இட்டுக்கொண்ட இரு இடங்களிலும் இப்போது அவரே இடவேண்டும். எட்டுத் தட்டல்கள் பத்தாகின்றன. பழகிய விரல்கள் பழையபடி ஓடினால் திரையில் ‘அமபததூர்’ என்று விழுகிறது.

இப்பிழை ஏன் உடனே கண்டறியப்படுவதில்லை என்பதற்கும் ஊர்ப்பெயர்களே விடை தருகின்றன. ‘ஆவடி’ என எழுதிப் பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. அதில் இரட்டிப்பும் இல்லை, இன எழுத்தும் இல்லை. ‘பூவிருந்தவல்லி’யில் இரண்டு இடங்களில் தவறும். தரமுயர்த்திய பின் ‘தமிழ் வருகிறதா’ என ஒரு சிறு சொல்லைத் தட்டிப் பார்த்து நிறைவடையும் சோதனை முறை ஆவடியைச் சோதித்து அம்பத்தூரைத் தவறவிடுகிறது. தமிழ்ச் சொற்களில் இரட்டிப்பும் இனவெழுத்துச் சேர்க்கையும் எவ்வளவு மிகுதி என்பதை எண்ணினால் இழப்பின் அளவு விளங்கும்.

ஐபஸேகூட ஒரு மாற்றத்தின் விளைவாக வந்ததுதான். அதற்கு முன் ‘ஸ்கிம்’ என்னும் சட்டகம் வழக்கில் இருந்தது. ஃபெடோராவும் உபுண்டுவும் 2009இல் ஐபஸுக்கு மாறின. அடுத்த மாற்றம் இன்னும் ஆழமானது. 1987 முதல் நிலைத்திருந்த எக்ஸ்11 காட்சி முறைமையின் இடத்தில் 2008இல் தொடங்கப்பெற்ற வேலாண்ட் நெறிமுறை வந்தது. ஃபெடோரா 2016இலும் டெபியன் 2019இலும் க்னோம் சூழலில் இதை இயல்பாக ஏற்றன. உபுண்டு 2025 அக்டோபர்ப் பதிப்பில் க்னோமின் பழைய எக்ஸ் அமர்வையே விலக்கியது. பழைய முறைமையில் எந்தச் செயலியும் பிற செயலியில் தட்டப்படும் விசைகளை ஒற்றறிய இயன்றது. அதைத் தடுத்தது வேலாண்டின் மெய்யான நன்மை. அதே தடுப்பு, பழைய வழிகளில் விசைகளை இடைமறித்து மாற்றிய கருவிகளையும் செயலிழக்கச் செய்தது. கேடிஇ பிளாஸ்மா சூழலில் வேலாண்டின்கீழ் ஐபஸைப் பயன்படுத்த விரும்புபவர் அதை ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்னும் தலைப்பின்கீழ் சென்று தேர வேண்டியுள்ளது. மேசைமேல் மெய்யான விசைப்பலகையை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அங்கே தேடத் தோன்றாது.

பழைய ஏடுகள் படும் பாடு

உள்ளீட்டுச் சிக்கல் எழுதப்போவதைத் தடுக்கிறது. குறியாக்கச் சிக்கல் எழுதிவைத்ததைப் பறிக்கிறது. ஒருங்குறி பரவலாவதற்கு முன் திஸ்கி, டாப், டாம் ஆகிய குறியாக்கங்களிலும் பாமினி போன்ற எழுத்துரு சார்ந்த முறைகளிலும் ஏராளமான தமிழ் ஆவணங்கள் உருவாயின. இவற்றுள் எழுத்துருவை மட்டும் நம்பிய கோப்புகளுக்கு, அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரைதான் தமிழ் உண்டு. பதிப்புமாற்றத்தில் பயனரின் தனி எழுத்துருக்கள் விடுபட்டால் கோப்பு பொருளற்ற உரோமக் குறிகளாகத் திறக்கும். 2017இன் லிப்ரெஆபிஸ் 5.3 பதிப்பும் 2019இன் பாங்கோ 1.44 பதிப்பும் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்துவடிவாக்கப் பொறியை முற்றாகச் சார்ந்தபோது பழைய ‘டைப் 1’ வகை எழுத்துருக்களுக்கான ஆதரவைக் கைவிட்டன. தமிழின் உயிர்மெய்களை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டுவதில் ஹார்ஃப்பஸ் பெரும் முன்னேற்றம். விலையும் அதற்குரியதாக இருந்தது.

திஸ்கியின் கதை சற்று வேறு. க்யூடி நூலகத்தின் 5ஆம் பதிப்புவரை திஸ்கியை ஒருங்குறியாக மாற்றும் பகுதி அதன் மையத்திலேயே இருந்தது. 2020இல் வந்த 6ஆம் பதிப்பில் பழைய குறிமாற்றிகள் அனைத்தும் தனியொரு பொருந்துகைக் கூறுக்கு ஒதுக்கப்பட்டன. அதைச் சேர்க்க மறந்த செயலிக்குத் திஸ்கி தெரியாது. ஆனால் லினக்ஸின் அடித்தளமான க்னூ சி நூலகம் திஸ்கி மாற்றியை இன்றும் தன்னுள் வைத்திருக்கிறது. அதன் ‘ஐகான்வ்’ கட்டளை ஒரே வரியில் ஒரு திஸ்கிக் கோப்பை ஒருங்குறியாக்கித் தரும். இந்த வசதியைத் தமிழ்க் கணிமை எழுத்துகள் உரக்கச் சொல்லாதது வியப்புக்குரியது.

அரசு 2010இல் ஒருங்குறியுடன் சேர்த்து ஏற்ற டேஸ்16 குறியாக்கத்தின் நிலை இதனினும் சிக்கலானது. ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்னும் அதன் கொள்கை தமிழிலக்கண மரபுக்கு இணக்கமானது. எனினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்துள்ளது. அப்பகுதியிலுள்ள எண் தமிழெழுத்தா, ஒரு நிறுவனத்தின் படவுருவா என்பதை எந்த அடிக்கூறும் அறியாது. ஆகவே ஒவ்வொரு பதிப்புமாற்றத்திலும் டேஸ்16 கோப்பு உரிய எழுத்துருவின் தயவிலேயே நிற்கிறது. எந்த நோயிலிருந்து விடுபடத் தரப்படுத்தம் தேவைப்பட்டதோ அதே நோய்தான் இது.

ஒருங்குறிக்குள்ளும் தொல்லை இல்லாமலில்லை. 2005இல் ஒருங்குறி 4.1 ‘ஶ’ என்னும் எழுத்தைச் சேர்த்தபின் ‘ஶ்ரீ’ என்பதை அவ்வெழுத்தைக் கொண்டு ஆக்குவது பரிந்துரைக்கப்பட்டது. அதற்கு முன் ‘ஸ’ கொண்டு ஆக்கப்பட்டது. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும்; கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒருங்குறியின் இயல்பாக்க விதிகளும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. உள்ளீட்டு வரைபடம் மாறினால், பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூரின் பெயர் ஒரே பட்டியலில் இரு வகையாகப் பதிவாகித் தேடலில் பாதி மட்டும் அகப்படும். வரிசைப்படுத்தலிலும் இதற்கு இணையான நிகழ்வு ஒன்று உண்டு: 2018இன் க்னூ சி நூலகம் 2.28 பதிப்பு உலகளாவிய அகரவரிசை விதிகளைப் புதுப்பித்தபோது, டெபியன் 9இலிருந்து 10க்குச் சென்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களின் சொல்லடைவுகளை மீண்டும் கட்டமைக்க வேண்டிய நிலை எழுந்தது. கட்டாதவர்களின் தேடல், இருக்கும் பதிவையே இல்லையென்று சொல்லக்கூடும்.

எழுதப்படாத வகைமை

கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் அறிமுகம் செய்துவருகிறது; தன்னார்வலர்கள் பலர் மேசைச் சூழல்களின் இடைமுகங்களைத் தமிழாக்கியுள்ளனர். இப்பணிகள் இல்லையெனில் மேற்கண்ட இழப்புகளைப் பேசவே இடமிருந்திராது. எனினும் தமிழ்க் கணிமை எழுத்தின் பெரும்பகுதி அறிமுகமாகவும் நிறுவல் வழிகாட்டியாகவும் குறியாக்க வரலாறாகவுமே அமைந்துள்ளது. ஒரு குறிப்பிட்ட பதிப்பிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் தமிழ்ப் பயனர் எதை முன்கூட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும், நீக்கப் பட்டியலில் எப்பொதியின் பெயரைக் கண்டால் நிறுத்த வேண்டும், மாற்றத்திற்குப் பின் எந்தச் சொற்களை எழுதிச் சோதிக்க வேண்டும் என்று கூறும் எழுத்து தனி வகைமையாக உருப்பெறவில்லை. ஆய்வுலகும் இதை நுட்பத்தார் வேலை என ஒதுக்கியது. தமிழ்99இன் புள்ளி விதி நன்னூல் படித்தவருக்கு எளிதில் விளங்குவது. அதன் இழப்பைக் கண்டறியும் தகுதியும் அவருக்கே மிகுதி.

அவ்வெழுத்து எங்கே வாசிக்கப்படும் என்பதும் ஆராயத்தக்கது. டெபியன் நிறுவியின் வரைகலை வடிவம் தமிழில் பேசுகிறது. ஆனால் பதிப்புமாற்றம் பாதியில் முறிந்து காட்சிச் சேவையகம் எழ மறுத்தால் எஞ்சுவது உட்கருவின் எழுத்துமுனையம் மட்டுமே. அதன் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை; ஒரு குறியெண்ணுக்கு ஒரு வடிவத்தை ஒரே அளவுக் கட்டத்தில் வைக்க மட்டுமே அதற்குத் தெரியும். தமிழின் 247 எழுத்துகளும் எண்ணிக்கையில் அதற்குள் அடங்குபவையே. தடை எண்ணிக்கையில் இல்லை. ‘கி’ என்னும் ஓர் எழுத்து இரு குறியெண்களாக வருவதை இணைக்க அதற்கு வழியில்லை என்பதிலும், ‘ணௌ’ போன்ற அகன்ற எழுத்தை ஒற்றைக் கட்டம் தாங்காது என்பதிலும் உள்ளது. முதல் தடைக்கு மட்டும் டேஸ்16இன் ஓரெழுத்து ஓரெண் கொள்கை விடையளிக்கும். அக்குறியாக்கத்தை முற்றாகத் தள்ளிவிடுவோர் இவ்வோரிடத்தை எண்ணிப் பார்க்கலாம். இன்றைய நிலையில், தமிழை வட்டார மொழியாக அமைத்துக்கொண்ட பயனர் தம் கணினி பழுதுற்ற வேளையில் அம்முனையத்தில் காண்பது வெற்றுக் கட்டங்களை. பழுது நீக்கும் குறிப்பைத் தமிழில் தருவோர் அதைத் தாளில் அச்சிட்டுத் தர வேண்டியிருக்கிறது.